திருச்செங்கோட்டில் என் குரலைச் சந்தித்தேன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், பெட்ரோல் பஞ்சம். அந்தச் சித்திரையில் நான் சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் கம்பெனி நாடகம். இன்னொன்று, சூரமங்கலத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா, "எங்கண்ணனை ஒருக்காப் பாத்துப்போடோணும், கூட்டியா சாமி" என்று கேட்டது. இரண்டாவதுதான் கஷ்டமான காரியம்.

அப்பா சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர்; ரயில் இன்ஜின் ஓட்டியவர். அவரைக் கட்டிக்கொண்ட நாளோடு அம்மாவை அவளுடைய நெசவுக் குடும்பம் தலைமுழுகிவிட்டது. எனக்கோ இந்தக் கலப்புதான் சோறு போடுகிறது. மேடையில் வேஷமும் குரலும் மாற்றி மாற்றி, துரை மாப்பிள்ளையும் நானே, அவனை வாசலில் மடக்கும் கொங்கு மச்சானும் நானே. மச்சான் குரலைச் சின்ன வயதில் அம்மாதான் விளையாட்டாகப் பேசிக்காட்டிப் பழக்கினாள்.

பெட்ரோலுக்குப் பதில் கரியடுப்புப் புகையில் ஓடும் காலை ஏழு மணிக் கரி பஸ்; முப்பது மைல், பத்தணா. சங்ககிரி மேட்டில் இளைத்து நின்றுவிட்டது. "அடுப்ப ஊதோணுங்க, எறங்கிக் கொஞ்சம் தள்ளுங்க" என்றார் டிரைவர். தள்ளினோம். அதற்குள் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பதைப்பு. போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிட்டது.

விசாரித்துக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் தறியை விட்டு வெளியே வந்து செருமினார். "ஏனுங்க, ஆருங்க நீங்க?"

அது என் மேடைக் குரல்! அதே இழுப்பு, அதே செருமல். யாரென்று சொன்னேன். "அப்படியொரு தங்கச்சி எங்களுக்கு இல்லீங்க. உச்சி வெயிலுக்கு முன்னே போயிருங்க" என்று மரியாதை குறையாமல் கதவைச் சாத்தினார்.

விளக்கு வைத்ததும் நாடகம். திரை இடுக்கில் எட்டிப் பார்த்தால் முன்வரிசையில் மாமா! மச்சான் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். "அதுக்குத்தான்யா சனமே வந்திருக்குது" என்று மேடைக்குத் தள்ளிவிட்டார். நான் செருமியதுதான் தாமதம், கொட்டகையே மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் எழுந்து வெளியே போனார். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று மிச்சத்தை அழாத குறையாக நடித்து முடித்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் அவர் காத்திருந்தார். "அந்தச் செருமல ஆரு சொல்லிக் குடுத்தது?"

"அம்மாதானுங்க."

"அது எனக்குத் தறிப் பஞ்சு தொண்டையில அடைச்சு வாரது, சாமி. இத்தன வருசமா அதயா மறக்காம வெச்சிருக்கறா?" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காலைல பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரக் காரியமென்றால் கரி பஸ்ஸை நம்பாமல் முதல் நாளே கிளம்பிவிடுங்கள். சொந்தக்காரர்களைத் தேடிப் போகிறீர்கள் என்றால், விரட்டினாலும் அன்றைக்கே ஊர் திரும்பாதீர்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மாமாவும் என்னோடு ஏறினார். வழி முழுக்க அம்மா இருப்பாளா என்ற பயம் எனக்கு. சூரமங்கலத்து வீட்டு வாசலில் அவர் செருமினார். உள்ளிருந்து அம்மாவின் குரல் ஈனமாக வந்தது.

"போதுஞ்சாமி, மச்சான் வேசத்தக் கலைச்சுப்போட்டு உள்ள வா. அண்ணன் வரலீன்னா பரவால்ல."

மாமாவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. "வேசமில்ல அம்மிணி, நாந்தான்" என்று அழுதுகொண்டே உள்ளே ஓடினார்.