குழாயடியில் அனன்சி

எக்குவா மென்சிமா மீனைப் புகையில் வாட்டி விற்றுப் பிழைத்தவள். ஆனால் கானாவின் அந்தக் கடலோரத்தில் அவள் பெயர் எடுத்தது கதையால்தான். சிலந்தி அனன்சியின் தில்லுமுல்லுகளை அவளைப் போலச் சொல்ல ஆள் கிடையாது.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருடம் ஊர் நடுவே ஒரு தண்ணீர்க் குழாயை நட்டார்கள். ஏழு வருடமாக அதில் காற்றுதான் வந்தது. பெண்கள் பழையபடி ஓடைக்கே நடந்தார்கள். இந்த லட்சணத்தில் சுதந்திர நாளுக்கு வந்த கட்சி அதிகாரி எபோ டாட்சி, எக்குவா அன்று சொல்ல வேண்டிய கதைக்கும் உத்தரவு போட்டார். வானத்துச் சாமியின் தண்ணீர்ப் பானையைத் திருடிய அனன்சிதான் வெள்ளைக்காரனாம். பானையை மீட்டது கட்சியாம்.

கட்சியைக் கேலி செய்த ஒரு மீன்காரனைப் போன மாதம்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எக்குவாவுக்கும் அந்தப் பயம்தான். சொன்னதை ஒப்பித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் குழாயடியில் எழுந்து நின்றாள்.

"அனன்சி ஓடிட்டான். கட்சி வந்து பானைய மீட்டு..." என்று தொடங்கியதுமே, பக்கத்துக் கடைக்காரி அமொயிசிமா கைதட்டிப் பாட்டெடுத்தாள். கதை நடுவே அங்கே யாரும் பாடலாம். பாட்டு ஓயும்வரை கதைக்காரி வாய் திறக்கக் கூடாது. பாடியவர்மேல் யாரும் கோபப்படவும் கூடாது.

"அனன்சி தொப்பிய மாத்திக்கிட்டான்,
பானை மட்டும் அவன்கிட்டயே!"

மேளம் சேர்ந்துகொள்ள, பெண்கள் ஆடினார்கள். அதிகாரியின் முகம் கறுத்தது.

"ஏண்டி, என்னைய ஜெயில்ல போடப் பாக்கறியா?" என்று எக்குவா கிசுகிசுத்தாள்.

"நீ கதையச் சொல்லு. நான் பாட்டுதானே பாடினேன்."

கட்சி பானையை மீட்கும் இடம் வரும்போதெல்லாம் ஒரு பாட்டு குறுக்கே விழுந்தது. கடைசியில் அதிகாரியின் டிரைவருக்கே பாட ஆசை வந்துவிட்டது.

"ஊரு பூரா வெயிலடிக்குது,
எங்க ஐயா தோட்டத்துல தெனமும் மழை!"

மேளம் சட்டென்று நின்றது. எல்லோரும் அதிகாரியையே பார்த்தார்கள். அவரும் அந்தக் கரையில் இதே கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்தான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி, நீயுமா? சரி சரி, கதைய முடிம்மா."

எக்குவாவுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. நெஞ்செல்லாம் சந்தோஷம்.

"பானை எங்க இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. இனிமே கதை எதுக்குங்க ஐயா?"

அன்று பொழுது சாயும்வரை ஊர் ஆடியது. அவளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. தண்ணீரும் வரவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், கட்சியும் மாறியது. ஆனால் இன்ன கதைதான் சொல்ல வேண்டும் என்று எக்குவாவிடம் கேட்க அதற்குப் பிறகு ஒருவருக்கும் துணிவு வரவில்லை.