வால்வைத் திறந்த கை

நான் குடிபெயர்ந்து வந்த இந்த ஐரோப்பிய நாட்டில் ஓய்வுபெற்றவர்கள் சனிக்கிழமை காலைகளில் ஆற்றுக்குக் கல் கொண்டுபோகிறார்கள். ட்ரவுட் மீன் முட்டையிடச் சரளைக்கல் வேண்டுமாம். ஹேர்னிங் நகருக்கு வெளியே ஓடும் சிற்றாற்றில், ரப்பர் சப்பாத்து அணிந்து, நானும் சென்ற இலையுதிர்காலத்தில் தள்ளுவண்டியால் கல் கொட்டினேன். "கோயில் தலைவருக்கு ஏன் அண்ணை இந்தக் கூலி வேலை?" என்று உடன்வந்த நண்பர் செல்வநாயகம் சிரித்தார். அவருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், இவ்வாற்றங்கரைச் சாயத் தொழிற்சாலையில் நான் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் மேற்பார்வையாளர் யென்ஸ் தலையசைப்பார். நான் வால்வைத் திறப்பேன். தொட்டியில் எஞ்சிய சாயம் ஆற்றில் கலக்கும். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில், சவர்க்கார நுரை கிணற்றுப் பக்கம் வழிந்தாலே அயலோடு சண்டை மூளும். அங்கே இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியாமல் இருக்கவில்லை. மனைவி பிள்ளைகளை இங்கே அழைப்பதற்கு அந்த வேலை தேவைப்பட்டது. அதை நியாயமாகக் காட்ட நான் விரும்பவில்லை.

அதே யென்ஸ் இன்று மீன் மீட்புச் சங்கத்தின் தலைவர். கல் கொட்டி முடிந்த அன்று, கோப்பிக் குவளையுடன் கரையில் நின்று, அக்கால மக்களின் அறியாமையே இவ்வாற்றின் சொந்த மீனை அழித்தது என்று உரையாற்றினார். அறியாமையாம்! பின்னர் என் தோளில் தட்டினார். "கரையில் நாட்டப்போகும் பெயர்ப்பலகையில் உன் பெயரையும் போடுகிறோம். நீ அன்றும் இப்படித்தான். சொன்னதைச் செய்வாய், கேள்வி கேட்கமாட்டாய்." இங்கே எவரையும் ஒருமையில்தான் அழைப்பார்கள்; எனக்கு அது இன்னும் பழகவில்லை. கேள்வி கேட்கமாட்டாய் என்பதையோ அவர் பாராட்டாகவே சொன்னார்.

"போடுங்கள். வால்வைத் திறக்கச் சொன்னவர் யார், திறந்தவர் யார் என்பதையும் கீழே எழுதுங்கள்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அதெல்லாம் பழைய கதை. மீன் திரும்பி வந்தால் போதாதா?" என்றார் யென்ஸ். மற்றவர்கள் கோப்பி ஊற்றுவதில் மும்முரமானார்கள்.

செல்வநாயகம் என் கையைப் பிடித்திழுத்தார். "விடுங்கோ அண்ணை. கோயிலில என்ன கதைப்பினம்? தமிழன்தான் ஊத்தினவன் எண்டெல்லோ சொல்லுவாங்கள்."

"ஓம், தமிழன்தான் ஊத்தினவன். ஊத்தச் சொன்னது ஆரெண்டும் சேர்த்துக் கதைக்கட்டும்."

பலகை நாட்டப்பட்டுவிட்டது. அதில் முதலாவதாக யென்ஸின் பெயர். என் பெயருமில்லை, நான் கேட்ட வரியுமில்லை. பலகை மறைத்ததை, என் மதிப்புக்கு வரும் கேட்டையும் அறிந்தே, இங்கு எழுதுகிறேன். சென்ற வாரம் அங்கே போனேன். நான் கொட்டிய கற்களின்மேல் ஒரு ட்ரவுட் அசையாமல் நின்றது. இன்னும் ஓரடி நெருங்கினேன். என் நிழல் பட்டதும் அது யென்ஸின் பலகைப் பக்கமாக விலகிப் போயிற்று.