மேப்பிள் கழுத்தும் சிவப்புக் கிட்டாரும்

காலை ஏழு இருபது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி வண்டியிலிருந்து நண்பன் இறங்கியபோது முதலில் என் கண்ணில் பட்டது அவனல்ல, அவன் கக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டி. ஒல்லியாக, கை நீளத்துக்கு இருந்தது. மூலைகளில் பழுப்பு டேப், மேலே வெளிநாட்டு அஞ்சல் தலைகள். மழைக்கோட்டைத் தான் போட்டுக்கொள்ளாமல் பெட்டிக்குச் சுற்றியிருந்தான். தலை நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வந்திருச்சுடா," என்றான்.

லண்டனில் நர்ஸாக இருந்த அவனுடைய அக்கா அனுப்பிய கிட்டார் கழுத்து அது. எலக்ட்ரிக் கிட்டாரில் கழுத்தும் உடலும் தனித்தனி. பின்பக்கம் நான்கு திருகாணிகள் போட்டு இணைத்தால் ஒன்று. முழுக் கிட்டாராக வாங்க வழியில்லாதவர்கள் துண்டு துண்டாகச் சேர்க்கலாம். நாங்கள் இருவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், ஆளுக்கொன்றாக.

அவன் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். வாராவாரம் தேயிலை ஏலம் முடிந்ததும் விலை நிலவரம் எழுதி அனுப்புவது என் வேலை. அந்த வருடங்களில் அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சரிந்தது, மேலும் சரிந்தது, வாங்குவோர் ஆர்வம் காட்டவில்லை. இந்த மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் செய்தி ஆகிவிடும்.

இருவரும் ஒரே சர்ச்சில் கொயரில் பாடினோம். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முதல்முறையாக எலக்ட்ரிக் கிட்டார் வைத்துக்கொள்ளலாம் என்று போதகர் சம்மதித்திருந்தார். கொயரை நடத்திய டீச்சர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு கிட்டார் போதுங்க தம்பி. ரெண்டு பேரும் கரண்டோட வந்து உக்காந்தா நாங்க பாடறது யாருக்குக் கேக்கும்?"

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்குள் யார் கிட்டாரைத் தயாராக்கிக் கொண்டுவருகிறாரோ அவர் வாசிக்கட்டும் என்றும் சொன்னார். அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. அவனுக்கும் வேண்டியிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

உடல்கள் வாங்க முன்பே பெங்களூர் போய் வந்திருந்தோம். கூடலூர், மைசூர் வழியாக ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். அங்கே ஒரு கிட்டார் கடையின் பின்னறையில் வர்ணம் பூசாத உடல் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மகோகனி. வரிகள் தெரிந்தன, தூக்கினால் லேசாக இருந்தது. இது எனக்குத் தெரிந்ததே அவன் தூக்கியதைப் பார்த்துத்தான். நான் ஒரு கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதன் நீளத்தில் வளைவு தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அறையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டான். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இதக் கட்டிருங்க," என்றான். கடையில் மகோகனி அது ஒன்றுதான்.

எனக்கு மிஞ்சியது சிவப்பு வர்ணம் பூசிய உடல். வர்ணம் கெட்டியாக இருந்தது. கழுத்து உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் பூச்சு விட்டுப்போயிருந்தது, அங்கே பிளைவுட்டின் அடுக்குகள் தெரிந்தன. நான் தேர்ந்தெடுத்த கழுத்து நேராக இருந்தது, அந்தப் பள்ளத்தில் சரியாகவும் உட்கார்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. திரும்பும் வழி முழுக்க அவன் மகோகனியை மடியில் வைத்திருந்தான். என்னுடையது மேலே, பைகளோடு இருந்தது.

இப்போது கழுத்தும் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையின் உள் பெஞ்சில் வைத்துப் பெட்டியைப் பிரித்தான். ஒரே துண்டு மேப்பிள். வெண்ணெய் நிறம். வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று பழக்கத்தில் மனசுக்குள் தேடினேன். விலை நிலவரத்துக்கு உதவும் சொல் ஒன்றும் இங்கே உதவவில்லை. கை நீட்டினேன்.

"கை ஈரமா இருக்கா பாரு," என்றான்.

பேன்ட்டில் துடைத்துவிட்டுத் தொட்டேன்.

அந்தக் கழுத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. அது பூச்சில்லாமல் வந்த மரம். வார்னிஷ் அடித்து, காயவிட்டு, தேய்த்து, திரும்ப அடிக்க வேண்டும். அவன் பின்பக்கம் மட்டும் முதல் பூச்சு அடித்தான். குன்னூரில் நவம்பர் மாதம் எதுவும் காயாது. சுவரில் பச்சை படியும், தீப்பெட்டி பற்றாது, துவைத்த சட்டை மறுவாரமும் சில்லென்றிருக்கும். வார்னிஷ் விரலில் ஒட்டிக்கொண்டேயிருந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. தொழிற்சாலையில் ஆள் இருந்தால் ஈரமானதை இலை வாட்டும் மாடியில் தொங்கவிடுவார்கள். பறித்து வந்த பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை ஊதி வாட்டுகிற நீண்ட அறை அது. மழைக்காலத்தில் அதன் ஓரக் கம்பிகளில் பிள்ளைகளின் யூனிஃபார்ம், கம்பளி, ரெயின்கோட் எல்லாம் தொங்கும். தேயிலை வாசனையோடு மொறுமொறுவென்று காய்ந்து வரும். நான் காலுறையை இஸ்திரிப் பெட்டியால் காயவைக்கிறவன். அந்தக் கம்பியின் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது.

அவன் மேப்பிள் கழுத்தை ஒரு கயிற்றில் கட்டி அங்கே தொங்கவிட்டான். என் சிவப்பு உடலில் பூச்சு போன இடத்தில் நானும் கொஞ்சம் வர்ணம் தொட்டிருந்தேன். அதையும் ஒரு ஓரத்தில் மாட்ட முடியுமா என்று கேட்டேன். ஒன்றுக்குத்தான் பெரிய டீமேக்கர் சரி என்றார், தொழிற்சாலை இப்போது இருக்கிற இருப்பில் இரண்டாவது கேட்க முடியாது என்றான். அது உண்மையாகத்தான் இருக்கும். அப்போது நம்பவில்லை.

நவம்பர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை பயிற்சிக்கு முன்னால், சர்ச்சின் பக்கத்து அறைக்கு அதைக் கொண்டுவந்தான். வார்னிஷ் கண்ணாடி போலக் காய்ந்திருந்தது. மகோகனி உடலில் பூட்டி, கம்பிகளும் கட்டியாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவன் வாசிக்கவில்லை. கிட்டாரை என்னிடம் நீட்டினான்.

"நீ பாத்துச் சொல்லு."

தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்தேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள் ரயில் தண்டவாளத்துக் கட்டைகள் போல ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். முதல் கட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கடைசிக் கட்டை மறுபக்கம்.

"வளஞ்சிருக்கா?"

"முறுக்கியிருக்கு," என்றேன்.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகினால் வளைவு நிமிரும். முறுக்கு நிமிராது. அது இருவருக்கும் தெரியும். அவன் கிட்டாரை வாங்கி மேசைமேல் வைத்தான். நடந்ததை அவனே விளக்கினான். விலை சரிந்ததில் இலை வரத்து குறைந்து தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. ஓடிய நாளெல்லாம் மாடியில் அனல், ஓடாத நாளெல்லாம் திறப்புகள் வழியே மூடுபனி. ஒரு பக்கம் பூசியும் ஒரு பக்கம் பூசாமலும் இருந்த மரம் மாறி மாறி உலர்ந்து ஊறியிருக்கிறது. யூனிஃபார்முக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

"தெனமும் ஓடியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுடா. தேயில வெல ஏறியிருந்தா என் கிட்டாரு நல்லா இருந்திருக்கும். இதையும் உன் பேப்பர்ல போடு."

போடவில்லை. வருத்தமான முகத்தோடு அவனுடன் எங்கள் ஊர் மவுண்ட் ரோடு வரை நடந்தேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. வீட்டில் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு என் சிவப்புக் கிட்டாரோடு போய் உட்கார்ந்தேன். ஒயரைச் செருகினேன். வாசித்தேன். தவறில்லை. டீச்சர் பியானோவிலிருந்து திரும்பி, "சரியா இருக்குங்க தம்பி," என்றார். அவ்வளவுதான் கேட்டேன், அவ்வளவுதான் கிடைத்தது. அவன் மூன்றாம் வரிசையில், உச்சக் குரல் ஆண்களான டெனர்களோடு நின்று பாடினான். பாடும்போது என் கையைப் பார்க்கிறானா என்று கவனித்தேன். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு அவன் மகோகனிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கழுத்து மாறவில்லை. அதே மேப்பிள், அதே முறுக்கு. தலைப்பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து எல்லாக் கம்பிகளையும் உயரத் தூக்கியிருந்தான். விரலால் அழுத்தினால் கட்டையைத் தொடவே தொடாது. சட்டைப்பையில் இன்னொரு துண்டு இருந்தது. தொழிற்சாலை ஒர்க்‌ஷாப்பில் குழாயில் வெட்டித் தேய்த்தது.

"டீச்சர், ஒரு தடவ கேட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிர்றேன்," என்றான்.

ஒயர் ஒன்றுதான் இருந்தது. என் கிட்டாரிலிருந்து பிடுங்கி அவனிடம் கொடுத்தேன். அவன் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு, கம்பிகளின்மேல் குழாய்த் துண்டை வைத்து நகர்த்தினான். அப்படி வாசித்தால் கட்டைகளுக்கு வேலையில்லை. கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. காணிக்கைப் பாட்டின் மெட்டை வாசித்தான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடைவெளியே இல்லை, ஆள் பாடுவது போலிருந்தது. மகோகனி நீளமாக இழுத்துக்கொடுத்தது. என் சிவப்புப் பலகை அத்தனை நேரம் ஒலியைப் பிடித்துவைத்திருக்காது.

பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டாம் சரணத்தையும் வாசிக்கச் சொன்னார். மூன்றாவதற்குக் கொயரை வாய் திறக்காமல் முனகச் சொன்னார். நானும் முனகினேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பியபோது, சொல்லப்போவதைச் சொல்லும் முன்பே நான் என் கிட்டாரை உறைக்குள் வைக்க ஆரம்பித்திருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க டீச்சர்," என்றேன்.

வெளியே வந்ததும் அவன் என் தோளில் கை போட்டான். குழாய்த் துண்டு இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. உன் நெக்கு நல்ல நெக்குடா, நேரா இருக்கு என்றான். கேலி இல்லை என்று குரலில் தெரிந்தது. கேலியாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

டெனரில் ஓர் ஆள் குறைந்திருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் மூன்றாம் வரிசையில் நின்று பாடினேன்.