நீலப் பொடி

லியூஜோ நகரின் வடக்கே, பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் பட்டறையில் வெய் ஹுவான் அக்காவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. உறையை வெட்டிச் சுருளைப் பிரித்து, செம்புத் தகட்டை ஒரு தொட்டியிலும் அலுமினியத்தை இன்னொன்றிலும் போடுவார். பேச்சு குறைவு, கை வேகம்.

சென்ற வசந்தத்தில்தான் முதன்முறையாக ஸ்கூட்டர்களில் இருந்த சோடியம் பேட்டரிகள் எங்களிடம் வந்தன. ஒன்றைப் பிரித்ததும் அக்கா முகம் சுளித்தார்.

"என்னடி இது, செம்பையே காணோம்? ரெண்டு பக்கமும் வெள்ளைத் தகடு!"

"இதுக்குச் செம்பு வேண்டாமாம் அக்கா. அலுமினியமே போதுமாம்."

"அப்போ செம்பு வித்த காசு இல்லாம நம்ம மேஸ்திரிக்கு இன்னிக்குச் சோறு இறங்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். தகட்டிலிருந்து உதிர்ந்த பொடி கையுறையில் ஒட்டியிருந்தது. வழக்கமாகக் கறுப்பாக இருக்கும். இது அடர்ந்த நீலம். ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இங்கே வருமுன் பதினோரு வருடம் முலாம் பூசும் ஆலையில் இருந்தவர் அவர். அங்கே சயனைடு கலந்த கழிவுநீரில் இரும்பு உப்பைக் கொட்டினால் தொட்டி முழுவதும் இதே நீலமாகுமாம். அந்தச் சேற்றை நெருப்புப் பக்கமே கொண்டுபோக மாட்டார்களாம்.

எங்கள் பட்டறையிலோ, பொடியைப் பிரிக்கத் தகடுகளை உலையில் வைத்துச் சூடாக்குவதுதான் அடுத்த வேலை. மேஸ்திரி லுவோ ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு உலை வாசலுக்குப் போய்விட்டார்.

"மேஸ்திரி, உள்ள தள்ளாதீங்க!" அக்கா கத்தினார்.

"ஏன், நல்ல நேரம் பாக்கணுமா?"

"அதுல சயனைடு இருக்கும்போல. சுட்டா விஷப்புகை வரும்."

"அட போங்கக்கா. தினமும் நீங்க திங்கிற நத்தை நூடுல்ஸ் நாத்தத்தையே தாங்குறோம். இது ஒரு புகையா?"

எல்லோரும் சிரித்தோம். அக்கா போய்த் தட்டைப் பிடுங்கித் தரையில் வைத்தார். உலையையும் அணைத்தார்.

"நாத்தம் வந்தா ஓடிடலாமே. இது சில பேர் மூக்குக்குத் தெரியவே தெரியாது. என் சம்பளத்தைப் பிடிச்சுக்கோங்க. சோதிக்காம சுடக் கூடாது."

பொடியின் மாதிரி சோதனைக் கூடத்துக்குப் போனது. அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. "வெறும் சாயமா இருந்துட்டா என்னடி பண்றது?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் பொறியாளர் பான் தாளோடு வந்தார். இரும்பும் சயனைடும் இறுகப் பிணைந்த பொருள். சும்மா கிடந்தால் பயமில்லை, உலைச் சூட்டில் விஷம் கக்கும். எல்லாச் சோடியம் பேட்டரியிலும் இது இருக்காது, இந்தச் சரக்கில் இருக்கிறது என்றார்.

லுவோ அந்தத் தாளை வாங்கிப் படித்தார். பிறகு அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அக்கா, நேத்து உலைகிட்ட நான்தான் நின்னுட்டிருந்தேன்."

"தெரியும். அதான் கத்தினேன்."

இப்போது எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் ஒன்றைப் பிரித்து நிறம் பார்க்கிறோம். நீலமாக இருந்தால், சுடாமல் கரைசலில் பிரிக்கிற வேறொரு ஆலைக்கு அனுப்புகிறோம். உலைப்பக்கம் பெரிய விசிறி வந்தது. முகமூடிகளும் வந்தன, எல்லோருக்கும் ஓர் அளவு பெரிதாக.

நானும் சேர்ந்து சிரித்ததற்காக ஒருநாள் அக்காவிடம் வருத்தம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விடுடி. முதல்ல அந்தக் கையுறையை மாத்து, ஓட்டையா இருக்கு."