அம்புக்குறி இல்லாத திரை

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் தலவாக்கலை டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, போட்டோகொப்பி அடிப்பது, தமிழில் டைப் செய்வது, இவைதான் கடையின் தொழில். டைப்பிங் என் பொறுப்பு. லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் பஸ் ஏறுவேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கொழுந்துக்கூடை மாட்டாமல் வேலைக்குப் போன பெண்கள் குறைவு. அம்மாவுக்கு அதில் பெருமை.

சேர்ந்த சில வருடங்களில் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் பிளேன்டீயைத் தூக்கும்போது மட்டும், பிறகு மவுஸைத் தொட்டாலே. எழுத்துத் தட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. விரல் விழுந்தால் எழுத்து வந்துவிடும். ஆனால் திரையில் நகரும் அம்புக்குறியைக் கொண்டுபோய் ஒரு சின்னப் பெட்டிமேல் நிறுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் நரம்புக் கோளாறு என்றார். குறையலாம், குறையாமலும் இருக்கலாமாம். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்தார்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிறாத. டயகமயில இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க."

நானும் சொல்லவில்லை. ஒருநாள் ஒருவருடைய காணி விண்ணப்பத்தை டைப் செய்து முடித்து மூடப்போனேன். சேமிக்கவா, வேண்டாமா என்று திரை கேட்டது. கை வழுக்கி அம்புக்குறி 'வேண்டாம்' மேல் விழுந்தது. காலையிலிருந்து அடித்த அத்தனையும் போயிற்று.

"என்னா புள்ள, கண்ணு தெரியலயா?" என்றார் முதலாளி.

தலைவலி என்றேன். அதன்பிறகு கடையில் கோல் எடுத்துக் கொடுக்கும் பிள்ளையை ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் கையால் மவுஸை அழுத்த வைத்தேன். எவ்வளவு நாளைக்கு அப்படி ஓட்ட முடியும் என்ற பயத்தில் சோறே இறங்கவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தார். கொழும்பில் கொம்பியூட்டர் திருத்துகிற வேலை அவருக்கு. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த கிளாஸைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, சர்வீஸ் பண்ணித் தருவதாக முதலாளியிடம் சாவி வாங்கி, பூட்டியிருந்த கடைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

நான் பாவித்த மெசினில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். தமிழ் எழுத்து ஒழுங்காக வருவதற்கே பகல் முழுக்க மல்லுக்கட்டினார். விண்டோக்களைத் திரையில் எங்கே வைப்பது, எப்படி மூடுவது என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராமை விண்டோ மேனேஜர் என்பார்களாம். அவர் போட்டது இருப்பதிலேயே சின்ன ஒன்று. மெசினை மறுபடி போட்டதும் திரை வெறும் கறுப்பாக நின்றது. படம் இல்லை, பட்டன் இல்லை, கீழே ஒரு பட்டிகூட இல்லை.

"எங்கண்ணே எல்லாம்?"

"ஒன்னும் இல்ல. நீ கீபோட்ல கூப்பிட்டாத்தான் வரும். மவுஸக் கழட்டி வச்சிரு."

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னார். ஒரு விண்டோ வந்து திரை முழுக்க நிறைந்தது. இன்னொன்றைத் திறந்தேன். முதலாவதின் மேல் ஏறி உட்காராமல், பாதி இடம் பிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. எதையும் இழுக்க வேண்டாம், எதையும் குறிபார்க்க வேண்டாம். திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தேன். என் கையைப் பற்றி அந்தத் திரைக்கு எந்தப் புகாரும் இல்லை. அண்ணன் வெளியே சிகரெட் வாங்கப் போன நேரத்தில் அழுதுவிட்டேன்.

சில வாரங்கள் நிம்மதியாக இருந்தது. முன்னைவிட வேகமாகவே வேலை முடிந்தது. பிறகு ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது முதலாளி என் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே வரும்போது கறுப்புத் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மெசினக் கெடுத்துல்ல வச்சிருக்கீங்க அண்ணனும் தங்கச்சியும்! நாளைக்கே ஆளக் கூப்பிட்டுப் பழையபடி போடுறேன்."

"வேணாங்க முதலாளி. அது இருந்தாத்தான் என்னால வேலை செய்ய முடியும்."

"ஏன்?"

சொல்ல வேறு பொய் வரவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். அது எல்லார் முன்னாலும் ஆடியது.

முதலாளி என் கதிரையிலிருந்து எழுந்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே புள்ள. அந்த மெசின் உனக்கே இருக்கட்டும்" என்றார். ஆனால் கோல் பெட்டிக்குள் எங்கள் லயத்து அம்மா ஒருவர், வெளிநாட்டில் வேலை செய்யும் மகளோடு பேச நின்றிருந்தார். ரிசீவரைக் காதில் வைத்தபடியே என் கையைப் பார்த்தார்.

நான் வீடு போய்ச் சேருமுன்பே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் டயகமக்காரர்கள், பையனுக்கு இப்போது அவசரம் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

"அந்தப் பொட்டி பழையபடி இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்று அம்மா கேட்டார். பழையபடி இருந்திருந்தால் வேலை போயிருக்கும் என்றேன். வேலையையா கட்டிக்கப்போற என்று கேட்டுவிட்டு, வெகுநாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அண்ணன் கடைக்குப் போன் எடுத்து, தான் செய்தது தப்பா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரோ தெரியவில்லை, அதற்குப்பிறகு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். கடையை ஒரேயடியாக மூடும்வரை அந்த மெசினில்தான் டைப் செய்தேன். கல்யாணப் பேச்சு மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை.