படத்தில் விழாதது

சந்தேகம் என் கூடவே பிறந்தது. கடைக்காரர் தேங்காயைத் தட்டிக் காட்டினாலும் வாங்கி நானும் ஒரு தட்டுத் தட்டுவேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வைக்கு என்னைப் போட்டால் பிள்ளைகள் பக்கத்துத் தாள் பக்கம் தலையே திருப்பமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் ஒரே தம்பி ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். பிறகு எழுந்தவனுக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று. மூன்று வாரம் ஓயாத பேச்சு, ஓயாத சிரிப்பு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோனவன் கேரளாவுக்குப் புறப்பட்ட லாரியில் தானும் ஏறிக்கொண்டான். நாலாம் நாள் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டப்போவதாகவும், அதற்கு நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

மதுரையில் மனநல டாக்டர் மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒன்றும் இருக்கக்கூடாது என்று அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். எனக்கோ ஏதாவது இருந்தால் தேவலை என்றிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கட்டி என்றால் எடுத்துவிடலாம், கேட்கிறவர்களுக்கும் ஒரு பதில் சொல்லலாம்.

எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. நான் நம்பவில்லை. அன்றைக்கு அந்த ஸ்கேன் சென்டரில் கூட்டம் நெரிந்தது. விடைத்தாள் மாறிப்போவதை எத்தனையோ முறை பார்த்தவள் நான். வேறு யாருடைய படத்தையோ கொடுத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டு, இன்னொரு இடத்தில் மறுபடி எடுக்க வைத்தேன். மருந்தில் ஒடுங்கிப்போயிருந்த தம்பி, "போதும்க்கா" என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்.

"ரெண்டும் ஒரே ஆளுதான் டீச்சர். கட்டி, ரத்தக்கசிவு எதுவும் இல்லைன்னு பாக்கத்தான் எடுக்கச் சொன்னேன். இவருக்கு இருக்குறது பைபோலார், மனசு ஒண்ணு ஒரேயடியா சோர்ந்து கெடக்கும், இல்லன்னா ஒரேயடியா பொங்கும். அது படத்துல விழாது. தூக்கம், பேச்சு, நடவடிக்கை, அதையெல்லாம் வச்சுத்தான் சொல்ல முடியும். வீட்ல நீங்கதான் கவனிக்கணும்."

கவனிப்பதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? மாத்திரையில் அவன் மெல்லத் தேறினான். நான் அட்டையை எண்ணினேன். விசிலடித்தால் கண்ணைப் பார்த்தேன். பளிச்சென்று ஒரு சட்டை எடுத்தால், "இப்ப எதுக்கு இந்தக் கலரு?" என்றேன். ஒரு கல்யாணப் பந்தியில் அவன் ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது. நான் பக்கத்தில் போய் அவன் சட்டைப் பையில் கையை விட்டு மாத்திரை அட்டையைத் தேடினேன்.

அவன் சிரிப்பு நின்றுபோனது. "ஏங்க்கா, நான் சும்மா சந்தோசமா இருக்கக் கூடாதா?"

"மாத்திரை போட்டியா, அதச் சொல்லு."

இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அவன் நல்லதுக்குத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து, எல்லாவற்றையும் சொல்லித்தான் அவனுக்குப் பெண் எடுத்தோம். அவள் முதல் பிரசவத்துக்கு நத்தத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று காலை பள்ளிக்கூடத்து கேட்டருகே தம்பி வந்து நின்றான். கண் சிவந்து, தலை கலைந்து, முகமெல்லாம் சிரிப்பு. தூங்காத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான்.

"மாத்திரை போட்டுட்டேன்க்கா. நேத்துத் தூங்கல, அது நெசம்தான். ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன், அதான். வேணும்னா நர்சம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டுக்க." நீட்டிய கையை அவன் இறக்கவில்லை. "பொண்ணு பொறந்திருக்குக்கா. இப்பச் சிரிக்கலாமா?"

அட்டையில் ஆறு மாத்திரை மீதி இருந்தது, கணக்குச் சரிதான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் எண்ணி முடித்திருந்தேன்.