பட்டைத் தண்ணீரில் கெண்டை மீன்

தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஆம்பூரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். நான் கணக்கு எழுதிய ஷாப்பின் முதலாளி பாய், மதராஸில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் மீன் தொட்டி ஒன்று எடுத்து வந்தார். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, என் மார்பளவு உயரம். அதை ஆபீஸ் ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, "மீன் வளக்கத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது? "எனக்குத் தெரியும் பாய்" என்றது. நான் மீனை அதுவரை குழம்பில்தான் சந்தித்திருந்தேன்.

"மதராஸ் தரகர் வெள்ளிக்கிழமை வர்றார். அதுக்குள்ள தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும், ஒரு மீனும் சாவக் கூடாது. செத்துச்சுன்னா நீ நாற்காலிய விட்டு சுண்ணாம்புக் குழிக்குப் போய்டு."

சுண்ணாம்புக் குழியில் மயிர் கழற்ற ஊறும் தோல்களின் வாடையை நினைத்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

உயரமான தொட்டிக்கு மீன் பிடிப்பது மாடி வீட்டுக்குக் குடித்தனக்காரர் பார்ப்பது மாதிரி. ஏரிக்காரரிடம் வாங்கிய அயிரையும் கெளுத்தியும் கீழே மணலில் படுத்துக்கொண்டன. பனையேறி மீன் மூச்சு வாங்க மேலேயே நின்றது. மறுநாள் காலையில் அது தொட்டியை விட்டு ஏறி வந்து மாதிரித் தோல் ஒன்றின் மேல் நடந்துகொண்டிருந்ததால் ஏரிக்கே திருப்பி அனுப்பினேன். விராலை வேண்டாமென்றேன், மற்றவர்களைத் தின்றுவிடும். நடு மாடி மட்டும் காலியாகவே கிடந்தது. கடைசியில் சின்னக் கெண்டைகளை விட்டேன். அவை கூட்டமாக ஏறி இறங்கியபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு ஏற்பாடும் பண்ணினேன். அடியில் துளையிட்ட பானையைத் தொட்டிக்கு மேலே முக்காலியில் வைத்தேன். அதில் கூழாங்கல், அடுப்புக் கரி, பாலாற்று மணல், எல்லாவற்றுக்கும் மேலே சாக்கு. ரப்பர் குழாயால் அடித் தண்ணீரை வாளியில் இறக்கிப் பானையில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பும். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

சாக்கைத்தான் யோசிக்கவில்லை. ஷாப்பில் கிடந்த சாக்கு எதைச் சுமந்திருக்கும்? தோலைப் பதனிடும் ஆவாரம் பட்டை! வியாழக்கிழமை மத்தியானம் தொட்டித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்னா கணக்குப்பிள்ளே, மீனுக்குப் பதம் போடுறியா?"

"அண்ணே, தோல் இறுகிப் போய்டுமா?"

"நல்லா இறுகும். ஞாயித்துக்கிழம செருப்பு தெச்சுக்கலாம். உன் காலுக்குப் பத்தாது, அதான் பேஜார்."

சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். நான் நம்பிவிட்டேன். சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். பதமான தோலை மேஸ்திரி இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பாரே, அதே போல ஒரு கெளுத்தியை எடுத்துக் கிள்ளினேன். அது முள்ளால் போட்ட போட்டில் ஷாப்பு முழுக்க என் அலறல் கேட்டது. மீன் உயிரோடுதான் இருந்தது. எனக்குத்தான் சந்தேகம்.

முள் குத்திய கையோடு அத்தனை தண்ணீரையும் மாற்ற முடியவில்லை. வெள்ளிக்கிழமை தரகர் வந்தார், குனிந்து பார்த்தார். "தண்ணி ஏன் இப்படி இருக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். வீங்கிய கை வலியில் ஒன்றும் வரவில்லை. "பட்டைச் சாக்கைப் போட்டுட்டேன் பாய். அலசாம."

"மீனு எதுனா செத்துச்சா?"

"இல்ல பாய்."

"அப்போ இன்னாத்துக்கு அழுவுற? போய் உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலி அத்தனை மெத்தென்று இருந்ததாக அதற்கு முன் ஞாபகமில்லை. தரகர் தோல் பேச்சை மறந்து வெகுநேரம் தொட்டியருகே நின்றார். ஜன்னல் வெயில் அந்தப் பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கி, கெண்டைகளின் வயிறு ஒவ்வொன்றையும் தங்கமாக்கிக் கொண்டிருந்தது. நானும் வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுத வேண்டியதை எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.